காட்சியும் கல்வியும்

கற்பிப்போன் தன் மாணாக்கனுக்குப் பட்டிருக்கும் கடன் யாது? விளங்க வைப்பதா? விளங்கிவிட்டது என்ற மனநிறைவை அளிப்பதா? இரண்டும் ஒன்றே என்று கருதுவோர் பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியிருந்தோம். இரண்டும் வேறு என்பதையும், சில வேளைகளில் ஒன்றுக்கொன்று பகையாகவே நிற்கும் என்பதையும் நமக்கு உணர்த்தியது பெரிய நூல் ஒன்றன்று. நாமே தயாரித்த ஒரு பாடக் காணொளியும், அதைப் பார்த்த மாணவன் ஒருவன் சொன்ன ஒரு வாக்கியமுமே.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. வகுப்பறை இல்லாத கல்வி எத்தகையது என்பதை அன்றுதான் நாடு முழுவதும் ஒருசேரச் சிந்திக்க நேர்ந்தது. தேசியத் தொலைக்காட்சி வழியே சிங்களத்தில் 'குரு கெதர' என்ற பெயரிலும் தமிழில் 'குருகுலம்' என்ற பெயரிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தை அதுவரை எட்டிப் பாராதவர்களும் நாடலாயினர். ஆசிரியர்கள் தத்தம் கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்துவைத்து, வீட்டுச் சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, தம் பாடங்களைத் தாமே படம்பிடித்து வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் நாமும் அவர்களுள் ஒருவராயிருந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட பாடம் தொகைநிலைத் தொடர். அதிலும் வினைத்தொகை. பன்னிரண்டு நிமிடக் காணொளி ஒன்றை ஒரு கிழமை உழைத்து உருவாக்கினோம். சொற்கள் வண்ணம் மாறின. எழுத்துக்கள் பறந்து வந்து ஒட்டிக்கொண்டன. பின்னணியில் வீணை ஒலித்தது. 'வளர்பிறை' என்ற சொல்லின் பின்னே பிறை ஒன்று மெல்ல மெல்ல வளர்ந்து முழுமதியாயிற்று. பெற்றோர் பாராட்டினர். உடன்கற்பிப்போர் தம் குழுக்களுக்கு அனுப்பினர். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் பெருமிதத்துடன் செய்தி எழுதினர். நாமும் உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பாடசாலை மீண்டும் திறந்தபோது ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றுள் வினைத்தொகை எவை எனக் கேட்டோம். வளர்பிறையை அனைவரும் அறிந்திருந்தனர். அது காணொளியில் வந்த சொல். 'சுடுசோறு' என்ற சொல்லில் வகுப்பில் பெரும்பாலோர் தடுமாறினர். சிவந்த தாமரையும் கரிய குவளையும் வினைத்தொகை ஆயின. சுடுசோறு பண்புத்தொகை ஆயிற்று. காணொளியைப் பார்க்கவில்லையா என்று வினவினோம். இரண்டு முறை, மூன்று முறை பார்த்ததாகவே கூறினர். அவர்கள் பொய் கூறவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: "சேர், பாக்கேக்க எல்லாம் விளங்கினது. எழுதேக்கதான் விளங்கேல்லை."

இவ்வாக்கியத்தில் ஓர் அறக் கேள்வி அடங்கியிருக்கிறது. பார்க்கும்போது விளங்கியதாக அவனுக்கு ஓர் உணர்வை அளித்தவர் நாம். அவ்வுணர்வு பொய்யானது. அந்தப் பொய்யை நாம் அறிந்து சொல்லவில்லை. ஆயினும் அழகுபடுத்திச் சொன்னோம். அதற்காகப் பாராட்டும் பெற்றோம். அறியாமை தன்னை அறியாமை என்று உணர்ந்திருக்கும்வரை அதற்கு மருந்துண்டு. அறிவின் வேடம் புனைந்துகொண்ட அறியாமைக்கு மருந்து தேடுவார் யார்?

*

நம் அனுபவம் தனித்த ஒன்றன்று. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர் இருவர் நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. மாணவரில் ஒரு பகுதியினர் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு கிழமையின் பின் நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். இதில் நாம் கருத்தூன்றவேண்டியது மற்றொன்று: நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கை கொண்டிருந்தோர் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே.

இதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது, சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் 2008இல் நிறைவுசெய்த ஆய்வு. அவர் பௌதிகவியலுக்கான காணொளிகளை எடுத்துக்கொண்டார். ஒருவகைக் காணொளி பாடத்தைத் தெளிவாக, சுருக்கமாக, பிழையின்றி எடுத்துரைத்தது. மற்றொரு வகைக் காணொளியில் இருவர் உரையாடினர். அவர்களுள் ஒருவர் மாணவர் மனத்திலே வழக்கமாக இருக்கும் தவறான எண்ணங்களையே பேசினார். மற்றவர் அவற்றைக் கேள்விகேட்டுக் களைந்தார். மேலே எறிந்த பந்தில் எறிந்த கையின் விசை தொடர்ந்து தங்கியிருக்கிறது என்பது அத்தகைய எண்ணங்களுள் ஒன்று. முதல் வகையைப் பார்த்தோர் தெளிவாக இருந்தது என்று புகழ்ந்தனர். சோதனையில் அவர்கள் அதிகம் முன்னேறவில்லை. இரண்டாம் வகையைப் பார்த்தோர் குழப்பமாக இருந்தது என்றனர். ஆனால் உண்மையிற் கற்றவர்கள் அவர்களே.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? மாணவனின் உள்ளம் வெற்றுப் பாத்திரமன்று. அங்கே முன்னரே ஓர் எண்ணம் குடியிருக்கிறது. தெளிவான விளக்கம் வந்து வாசலில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் எண்ணம், 'இது நான்தானே' என்று கூறி அதனை உபசரித்து அனுப்பிவிடுகிறது. உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கிறது. அந்தப் பழைய எண்ணத்தைப் பெயர் சொல்லி வெளியே அழைத்தாலன்றிப் புதியது குடிபுக இடமில்லை. பிறருடைய தவற்றில் தன் தவற்றைக் காணும் மாணவன் கூசுகிறான், குழம்புகிறான், பின்னர் தேறுகிறான். அக்குழப்பமே கல்வியின் தொடக்கம்.

அப்படியாயின் பாடக் காணொளி ஒன்றின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? பார்த்தோர் தொகையைக் கொண்டா? விருப்பக் குறிகளைக் கொண்டா? எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் பாடங்களில் அறுபத்தொன்பது இலட்சம் பார்வைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. காணொளி ஆறு நிமிடங்களுக்கு உட்பட்டதாயிருத்தல் நன்று எனவும், பெருஞ்செலவிற் கலையகத்தில் எடுக்கப்பட்ட படங்களைவிட ஆசிரியர் தம் மேசையில் அமர்ந்து இயல்பாகப் பேசும் படங்கள் மாணவரைக் கூடுதலாகக் கவர்கின்றன எனவும் அது கூறிற்று. பயனுள்ள அறிவுரைகளே. ஏழைப் பாடசாலைக்கு ஆறுதல் தருவனவுமாம். ஆயினும் அந்த ஆய்வு அளந்தது எத்தனை நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதையன்று. கூத்துக் களரியின் முன் விடியும்வரை பாய்விரித்து உட்கார்ந்திருந்தவர் அனைவரும் கூத்தராகிவிடவில்லை. அண்ணாவியாரிடம் அடிவாங்கி ஆடிப் பழகியவரே கூத்தராயினர்.

*

திரையைக் கண்டு கல்வியுலகம் மயங்குவது இன்று நேற்று நிகழ்வதன்று. 1913இலேயே அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தொமஸ் அல்வா எடிசன், பள்ளிக்கூடங்களிற் புத்தகங்கள் விரைவிற் பயனற்றுப்போகும் என்றும், மனித அறிவின் எல்லாத் துறைகளையும் சலனப்படத்தினாற் கற்பித்துவிடலாம் என்றும் முன்னுரைத்தார். நூறாண்டு கடந்துவிட்டது. புத்தகமும் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார். வானொலி வந்தபோதும் இவ்வாறே கூறினர். தொலைக்காட்சி வந்தபோதும் கூறினர். கணினி வந்தபோதும் கூறினர். ஒவ்வொரு முறையும் கருவி வளர்ந்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது: இதனைப் பார்க்கும் பிள்ளை யார்? அப்பிள்ளையின் மறுமொழியைக் கேட்பவர் யார்?

நம் அயல்நாடாகிய இந்தியாவில் 1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு நடைபெற்ற செய்மதிவழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் செய்மதியொன்றை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களிற் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊரவருக்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பினர். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் அதற்கான வாங்கிக் கருவியொன்று பொருத்தப்பட்டது. உலகமே வியந்த முயற்சி அது. பல நகரங்களையே எட்டியிராத தொலைக்காட்சி நேரே குடிசையூருக்குச் சென்றது. ஏழைக்கே முதலிடம் என்ற கொள்கை அதில் இருந்தது. அதனை நாம் தலைவணங்கி ஏற்கவேண்டும்.

அதே காலத்தில், குஜராத்தின் கேடா மாவட்டத்தில், சிறியதோர் ஒளிபரப்பியைக் கொண்டு வேறொரு முயற்சி தொடங்கிற்று. செய்மதி ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றது. கேடாவில் நிகழ்ச்சியே அவ்வூர்களிலிருந்து பிறந்தது. கூலி, சாதிக் கொடுமை, பெண்ணின் நிலை ஆகியவை அங்குப் பேசுபொருளாயின. அவ்வூர் மக்கள் தம் மொழியில், தம் குரலில் அவற்றிற் பங்குகொண்டனர். பார்வையாளர் படைப்பாளரும் ஆயினர். யுனெஸ்கோ அமைப்பு பின்னர் அம்முயற்சிக்குப் பரிசளித்துப் போற்றியது. பெரிய முயற்சி கருவியை ஏழையிடம் கொண்டுசென்றது. சிறிய முயற்சி ஏழையின் கேள்வியைக் கருவியிடம் கொண்டுவந்தது. பாடசாலைக் காணொளி எவ்வழியிற் செல்லவேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் போதும்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய மருத்துவ நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தன. வந்தவர் மதம் பரப்ப வந்தவர் என்பதும், அக்காலத்து ஆட்சியின் நிழலில் நின்றவர் என்பதும் நாம் அறியாததன்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தம்மிடமிருந்த அறிவை மாணவன் நிற்குமிடத்துக்குச் சென்று கொடுக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மாணவன் நிற்குமிடம் அவனுடைய மொழி மட்டுமன்று. அவனுடைய தவறும் அவன் நிற்குமிடமே.

*

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. "நீர் நகரை அண்டிய பாடசாலையிற் கற்பிக்கிறீர். வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறார். தீவுப்பகுதியிலே, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடையாத பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கு நீர் என்ன சொல்லப்போகிறீர்? குறைபாடுள்ள காணொளியாயினும் அதற்கு அது பெருஞ்செல்வமல்லவா?" என்று கேட்பர்.

உண்மைதான். குறிகாட்டுவானிலிருந்து படகேறிக் கடல்கடந்து நெடுந்தீவுக்குப் போய் வருவதன் சிரமத்தை அறிந்தவர் அக்கேள்வியின் நியாயத்தை மறுக்கமாட்டார். ஆசிரியர் இல்லாத இடத்தில் திரையில் தோன்றும் ஆசிரியர் ஒன்றுமில்லாமைக்கு மேலானவரே. திரையை வேண்டாமென்று ஒதுக்கும் தூய்மை, எல்லா வசதியும் படைத்தவனின் தூய்மையாகவே முடியும்.

ஆனால் அதே நியாயத்தின் மறுபுறத்தில் ஓர் ஆபத்து பதுங்கியிருக்கிறது. இன்று இல்லாமைக்கு மாற்றாக வரும் காணொளி, நாளை இல்லாமைக்குச் சமாதானமாகிவிடும். 'அங்கே காணொளி அனுப்பப்பட்டுள்ளது' என்ற குறிப்பு ஒரு கோப்பில் ஏறிவிட்டால், ஆசிரியர் வெற்றிடம் வெற்றிடமாகத் தோன்றாது. நகரத்துப் பிள்ளைக்கு ஆசிரியரும் காணொளியும். கடல்சூழ்ந்த ஊர்ப் பிள்ளைக்குக் காணொளி மட்டும் என்றாகுமாயின், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் உயிர்நாடியாகிய சமவாய்ப்பு எங்கே போயிற்று? தனியார் கல்வி நிலையங்கள் மலிந்துள்ள இக்குடாநாட்டில், பணமுள்ள பிள்ளை மூன்று ஆசிரியரிடம் ஒரே பாடத்தைக் கேட்கிறது. பணமில்லாத பிள்ளை திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறது. திரை அப்பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கொட்டாவி விடுகிறதா, விழிக்கிறதா, விளங்காமல் வெட்கத்தாற் சிரிக்கிறதா என்பது திரைக்குத் தெரியாது.

இன்னொரு சமமின்மையும் உண்டு. 1990களின் முற்பகுதியில் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துத் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. 'வரலாறு முடிந்தது, மின்சாரம் வந்துவிட்டது' என்று நாம் இருந்தபோது, 2022 மார்ச்சு இறுதியில், நாட்டின் பொருளாதாரம் சரிந்து, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. காணொளிப் பாடம் மின்சாரத்தையும், தரவுக்கான பணத்தையும், வீட்டில் ஒரு நல்ல கைத்தொலைபேசியையும் வேண்டிநிற்கும் பாடம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் கூலிவேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில். மாலையில் அது வீடு வரும்போது, சாதாரண தரப் பரீட்சை எழுதும் மூத்தவனுக்கே முதலுரிமை. தங்கையின் பாடம் காத்திருக்கும். பல நாள்கள் காத்தேயிருக்கும். நம் அழகிய பன்னிரண்டு நிமிடக் காணொளியை இத்தகைய வீட்டிற் பதிவிறக்க எவ்வளவு செலவாகும் என்று அதனைத் தயாரித்தபோது நாம் கணக்கிடவில்லை. வீணையின் ஒலிக்கும் பறக்கும் எழுத்துக்கும் விலை கொடுத்தவர்கள் அவ்வீட்டார்.

ஆசிரியரின் உழைப்பைப் பற்றியும் இரண்டொரு சொல் கூறுதல் முறை. பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர்கள் தம் பணத்திற் தரவு வாங்கி, இரவிரவாகப் பாடங்களைப் படம்பிடித்தனர். 2021 ஜூலை முதல் நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடியபோது, பிள்ளைகளின் கல்வி பாழாகிறதே என்று பலர் குறைகூறினர். குறை கூறியவர்களின் கவலை நியாயமானது. ஆயினும் அதுவரை திரையில் ஒளிர்ந்தது எவருடைய உழைப்பு என்பதை அவர்களுள் எத்தனைபேர் எண்ணிப்பார்த்தனர்? ஒருமுறை பதிந்த பாடத்தை ஆயிரம்முறை ஓடவிடலாம் என்பதால், பதிந்தவன் ஆயிரம்முறை உழைக்க வேண்டியதில்லை என்பது சரியே. அதனால் அவனே வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

*

இத்தனை நினைவுகளோடு 2021இல் நாம் மீண்டும் ஒரு பாடத்தைப் படம்பிடிக்க முனைந்தோம். அதே வினைத்தொகை. இம்முறை முதலிற் படக்கருவியைத் தொடவில்லை. மாணவர்கள் எழுதிய பிழையான விடைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஏன் அவ்வாறு எழுதினாய் என்று கேட்டோம். ஒரு மாணவி கூறினாள்: "சுடுசோறு எண்டால் சோத்தைச் சுடச் சொல்லுறதுதானே, சேர்? சுடு எண்டு ஏவுறம்." நாம் திகைத்துப்போனோம். எவ்வளவு நுண்மையான தவறு! வினைப்பகுதியும் ஏவல் வினையும் வடிவில் ஒன்றாயிருப்பதை அவள் தானே கண்டுபிடித்திருக்கிறாள். இலக்கண ஆசிரியர் ஒருவர் மகிழவேண்டிய கண்டுபிடிப்பு அது. நம் முதற் காணொளி அவளுடைய இந்த எண்ணத்தின் பக்கத்தால் நடந்துபோயிருந்தது, அதனைத் தொடவேயில்லை.

இத்தவற்றைக் காணொளியில் வைக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. எவர் வாயில் வைப்பது என்பதில்தான் இடர்ப்பாடு எழுந்தது. அவளையே பேசவைத்தால் இயல்பாயிருக்கும். ஆனால் வகுப்பறையில் சொன்ன பிழை வகுப்பறையோடு போகும். காணொளியிற் சொன்ன பிழை ஊரெங்கும் போகும், ஆண்டாண்டாக நிற்கும். இன்று பிள்ளைகளைப் படக்கருவியின் முன் நிறுத்துவது மிக எளிதாகிவிட்டது. வறிய பிள்ளைக்குச் சைக்கிள் கொடுத்தாலும், புத்தகப்பை கொடுத்தாலும், அதன் முகத்தையும் அதன் வீட்டுக் கூரையையும் உலகெங்கும் காட்டிய பின்னரே கொடுக்கிறார்கள். பெற்றுக்கொண்ட பிள்ளை நன்றியோடு மானத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறது. தருமத்தின் பெயரால் நடப்பதைக் கண்டிக்கும் நாம், கல்வியின் பெயரால் அதையே செய்யலாமா? பிள்ளை சம்மதித்தால் போதாதா என்பர். தன்னை மதிக்கும் ஆசிரியர் கேட்கும்போது, எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

ஆகவே தவறு செய்பவராக நாமே நடித்தோம். வகுப்பின் இரு மாணவர் நமக்குப் பாடம் சொன்னார்கள். "சுடு என்பது கட்டளைதானே?" என்று நாம் பிடிவாதம் செய்தோம். "அப்படியெண்டால் வளர்பிறையில பிறையை வளரச் சொல்லியா கட்டளையிடுறீங்கள்?" என்று ஒருவன் மடக்கினான். பின்னர், சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு என மூன்று காலத்தையும் விரித்துப் பார்க்கும் சோதனையை அவர்களே சொல்லித்தந்தனர். செந்தாமரையை அச்சோதனையில் இட்டபோது அது காலம் காட்ட மறுத்தது. பண்பை மட்டும் காட்டிற்று. இறுதியில் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதினர்: 'எறிகணை'. எறிந்த கணை, எறிகின்ற கணை, எறியும் கணை. இம்மண்ணில் பிறந்தவர்க்கு அச்சொல்லினுள் மூன்று காலமும் ஒளிந்திருப்பதை விளக்கவேண்டிய தேவை அதிகமில்லை. படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவன்கூட ஒருகணம் பேசாமலிருந்தான்.

ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியது அக்காணொளி. இசையில்லை. எழுத்துக்கள் பறக்கவில்லை. மூன்று இடங்களில் 'நிறுத்துக. உன் விடையை எழுதியபின் தொடர்க' என்று ஒரு குரல் மட்டும் சொல்லிற்று. படத்தைப் பார்க்க இயலாதோர் கேட்டாலும் விளங்கும்படி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னோம். தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு அதே உரையாடலை ஒரு தாளில் அச்சிட்டு அனுப்பினோம். தாளின் கீழே பாதி இடத்தை வெறுமையாக விட்டு, 'உனக்கு விளங்காததை இங்கே எழுது' என்று குறித்திருந்தோம்.

இதற்குக் கிடைத்த பாராட்டுகள் முன்னையதைவிட மிகக் குறைவு. "வாத்தியாரே பிழைவிட்டு, பொடியள் திருத்துறதோ?" என்று பெற்றோர் ஒருவர் மனம் வருந்தினார். உடன்கற்பிப்பவர் ஒருவர் இதனால் ஆசிரியரின் மதிப்புக் குறையும் என எச்சரித்தார். அவர்களுடைய கவலையை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆசிரியர் சொல்வதே சரி என்ற மரபில் வளர்ந்த சமுதாயம் இது. ஆனால் ஆசிரியரின் மதிப்பு, அவர் தவறாதவர் என்பதில் தங்கியிருக்கிறதா? அன்றித் தவற்றிலிருந்து வெளியே வரும் வழியை அறிந்தவர் என்பதில் தங்கியிருக்கிறதா? முதலாவது மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமாயின், மாணவர் தம் தவறுகளை நம்மிடமிருந்து ஒளித்துக்கொண்டேயிருக்கவேண்டும். அந்த விலை மிக அதிகம்.

திரும்பிவந்த தாள்களிற் பல வெறுமையாகவே இருந்தன என்பதையும் சொல்லியாகவேண்டும். சிலவற்றில் மட்டும் கேள்விகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, 'ஊறுகாய் ஊறி முடிஞ்ச பிறகும் ஏன் ஊறுகாய்?' என்று கேட்டது. இதற்கு விடையளிக்க ஒரு முழுப் பாடவேளை தேவைப்பட்டது. அப்பாடவேளையை எந்தக் காணொளியும் நடத்தியிருக்க முடியாது. ஆனால் அக்காணொளி இல்லாதிருந்தால் அக்கேள்வியே பிறந்திராது.

*

நாம் கூற விழைவது இதுதான். பாடக் காணொளியை எவ்வாறு கவர்ச்சியாகத் தயாரிப்பது என்று கற்றுத்தரப் பட்டறைகள் பல நடைபெறுகின்றன. ஒளியமைப்பும் ஒலிப்பதிவும் தொகுப்பும் அறியவேண்டியவையே. இருள்மண்டிய படத்தையும் இரைச்சல் நிறைந்த குரலையும் ஏழைப் பிள்ளைக்கு அனுப்புவதும் ஒருவகை அவமதிப்பே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்விகள் உள. இதனைப் பார்க்க மிகக் குறைந்த வசதி உடைய பிள்ளை யார்? அப்பிள்ளை மனத்தில் முன்னரே இருக்கும் எண்ணம் யாது? பார்த்தபின் அப்பிள்ளை கேட்கப்போகும் கேள்வி எவரிடம் வந்து சேரும்? கடைசிக் கேள்விக்கு விடையில்லாத காணொளி, எவ்வளவு அழகாயிருப்பினும், பாதிப் பாடமே. மறுபாதியை நிறைவுசெய்ய ஓர் ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரைக் கடல்கடந்த ஊருக்கும் அனுப்புக என்று அரசைக் கேட்பதும் காணொளி தயாரிப்போரின் கடமைகளுள் ஒன்றாகும்.

காட்சி, கல்வியின் வாசலாகலாம், வீடாகாது. நம் முதற் காணொளி இன்னமும் இணையத்தில் இருக்கிறது. பிறை இன்னமும் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. பார்ப்போர் தொகையும் வளர்கிறது. அதனை நீக்கிவிடலாமா என்று பலமுறை எண்ணினோம். நீக்கவில்லை. அதன் கீழே ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம்: இதைப் பார்த்து முடித்தபின் 'சுடுசோறு' என்பது என்ன தொகை என எழுதிப் பார்க்கவும், எழுத இயலவில்லையாயின், குறை உம்முடையதன்று, எம்முடையது.